தொயோஹாஷியில் எனக்கு நடந்த கல்யாணம்

ஜூன் 21, வெள்ளி

மழைக்காலம் தொடங்கிவிட்டதாக இன்று தொலைக்காட்சியில் முறைப்படி அறிவித்தார்கள். இந்த நாட்டில் மழைகூட அறிவிப்பு வந்த பிறகுதான் தைரியமாகப் பெய்கிறது.

காலையில் வழக்கம்போல வானொலி உடற்பயிற்சி. பியானோ சத்தத்துக்கு மொத்தத் தொழிற்சாலையும் கையை உயர்த்தி இறக்குகிறது. குதிக்க வேண்டிய இடம் வந்தால் எங்கள் பிரிவுத் தலைவர் ஓகுமுரா-சான் மட்டும் குதிக்காமல் குதிகாலைத் தூக்கி வைப்பார். முழங்காலில் என்ன கோளாறு என்று இத்தனை வருடத்தில் ஒருவரும் அவரைக் கேட்டதில்லையாம். கேட்டால் மரியாதைக் குறைவு. அதனால் அந்த முழங்காலைப் பற்றிப் பல கதைகள் உலவுகின்றன. ஒன்றில் அவர் மல்யுத்த வீரர்.

சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்து ஆலையிலிருந்து மூன்று பேர் இங்கே ஜப்பானுக்கு இரண்டு வருடப் பயிற்சிக்கு வந்தோம். இருவர் வசந்தத்திலேயே ஊருக்குப் போய்விட்டார்கள். ஒருவனுக்கு அம்மா ஞாபகம், இன்னொருவனுக்குப் புரோட்டா ஞாபகம். மீதி நான். ஆகஸ்டில் என் பயிற்சியும் முடிகிறது. தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வெளிநாட்டவருக்கு என்று ஒரு நிரந்தர இடம் இருக்கிறது. அது எனக்கு வேண்டும். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். முதலில் ஒன்றை வேண்டும் என்று கேட்கப்போகிறவளும் நானாகத்தான் இருப்பேன். ஆனால் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமலே புரிந்துகொள்வதுதான் ஜப்பானியர் பெருமை என்று பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். பார்ப்போம்.

இன்று ஓகுமுரா-சான் என்னைத் தனியாக நிறுத்தி, "வீட்டில் அனைவரும் நலமா?" என்று கேட்டுக் குனிந்தார். நானும் குனிந்தேன். அவர் இன்னும் கொஞ்சம் குனிந்தார். இந்தப் போட்டியில் நான் எப்போதும் சமன்தான் செய்வேன்.

ஜூன் 27, வியாழன்

கையில் இருந்த புதிய வேலையை ஓகுமுரா-சான் வாங்கிக்கொண்டார். "ஓய்வாக இருங்கள்" என்றார். பதவி தருவதற்கு முன் இப்படித்தான் செய்வார்கள்போல.

ஜூலை 5, வெள்ளி

ஞாயிற்றுக்கிழமை தனபாத்தா. வானத்தில் இரண்டு நட்சத்திரக் காதலர்கள் வருடத்துக்கு ஒருமுறை சந்திக்கிற நாள். பெரும்பாலும் அன்று மழை பெய்து காரியத்தைக் கெடுக்கும். ஆலை உணவகத்தில் ஒரு பச்சை மூங்கிலை நட்டு, வண்ணக் காகிதச் சீட்டுகளில் அவரவர் வேண்டுதலை எழுதிக் கட்டச் சொன்னார்கள். "நிரந்தர வேலை கிடைக்க வேண்டும்" என்று எழுதினேன். தமிழில் எழுதினால் ரகசியம் என்று நினைத்தேன். அருணகிரி சார் இருப்பது மறந்துபோனது.

அருணகிரி சார் மதுரைப் பக்கம். பல வருடமாக இங்கே இந்தியத் தொடர்பாளர். எங்களுக்கு வீடு, விசா, டிக்கெட் எல்லாம் அவர்தான். எங்களைப் பற்றி ஜப்பானியரிடம் சொல்வதும் ஜப்பானியரைப் பற்றி எங்களிடம் சொல்வதும் அவரே. இரண்டு பக்கத்துக்கும் அவரை நம்புவதைத் தவிர வேறு வழி கிடையாது.

சீட்டைத் திருப்பி வாசித்துவிட்டு, "கையெழுத்து முத்து முத்தா இருக்கும்மா," என்றார். "சாமி எப்பவும் நமக்கு நல்லதைத்தான் செய்யும்."

மற்றவர்கள் சீட்டுகளை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே போனேன். உடம்பு இளைக்க வேண்டும், மகன் தேற வேண்டும், லாட்டரி விழ வேண்டும். நடுவில் மூன்று வெவ்வேறு கையெழுத்தில் "செம்பா-சான் மகிழ்ச்சியாக வாழட்டும்." செம்பா-சான் என்பது நான்தான்; 'சான்' மரியாதைக்கு ஒட்டுவது. செண்பகவல்லி என்ற பெயர் இவர்கள் வாயில் நுழைந்து வெளியே வரும்போது அவ்வளவுதான் மிஞ்சுகிறது.

லாட்டரியை விட்டுவிட்டு எனக்காக வேண்டியிருக்கிறார்கள். அப்படியென்றால் முடிவாகிவிட்டது. இடம் எனக்குத்தான்.

ஜூலை 10, புதன்

பிரிவில் எல்லோரும் சேர்ந்து எனக்கு ஒரு பரிசு கொடுத்தார்கள். அரக்கு பூசிய சாப்பாட்டுக் குச்சிகள், இரண்டு ஜோடி. ஒன்று கறுப்பு, நீளம். இன்னொன்று சிவப்பு, கொஞ்சம் குட்டை.

தேர்ந்தெடுத்தவர் பக்கத்து மேசை நிஷிவாகி-சான். ஐம்பது தாண்டிய பெண்மணி, ஒப்பந்த ஊழியர். அவர் பேசுவது இந்தப் பக்கத்து வட்டாரப் பேச்சு. தமிழில் எழுத உட்கார்ந்தால் அது எப்படியோ எங்கள் ஊர்க் கோவில்பட்டிப் பேச்சாகவே வருகிறது. வந்துவிட்டுப் போகட்டும்.

"புடிச்சிருக்கா தாயி? கடை கடையா ஏறி எடுத்தேன்."

எதற்கு இரண்டு என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. நீளமானது சோற்றுக்கு, குட்டையானது ஊறுகாய்க்கு என்று நானே வைத்துக்கொண்டேன். எல்லோரும் கை தட்டினார்கள். ஓகுமுரா-சான் மனமார வாழ்த்தினார். எதற்கு வாழ்த்து என்று அவர் சொல்லவில்லை. மழை மாதிரி இதற்கும் முறையான அறிவிப்பு தனியாக வரும்போல. நான் நன்றாகக் குனிந்து நன்றி சொன்னேன்.

ஜூலை 13, சனி

புதுச் சலவை இயந்திரம் வாங்கிவிட்டேன். ஒரு நிரந்தர ஊழியர் தெருக்கோடிச் சலவைக் கடையில் நாணயம் போட்டுவிட்டு எத்தனை காலம் உட்கார்ந்திருப்பார்?

அருணகிரி சார் ஆகஸ்ட் கடைசிக்கு டிக்கெட் போட்டிருக்கிறாராம். பணியில் சேருமுன் ஊருக்குப் போய்வர விடுகிறார்கள். நல்ல கம்பெனி.

ஜூலை 19, வெள்ளி

தொயோஹாஷியின் பெரிய திருவிழா. நிஷிவாகி-சான் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

நம் ஊரில் சாமிக்கு வேட்டுப் போட்டால் தள்ளிப் போய்க் காதைப் பொத்திக்கொள்வோம். இங்கே வேட்டைக் கட்டிப் பிடித்துக்கொள்கிறார்கள். கெட்டியான மூங்கில் குழாய், சுற்றிலும் கயிறு, உள்ளே மருந்து. கைப்பிள்ளையைத் தூக்குவதுபோல அதை இடுப்போடு அணைத்துக்கொண்டு ஆண்கள் வரிசையாக நிற்கிறார்கள். வாயிலிருந்து நெருப்பு பனை உயரத்துக்குச் சீறுகிறது. பொறியெல்லாம் அவர்கள் தலையிலேயே கொட்டுகிறது. கடைசியில் குழாயின் அடிப்பக்கம் டம்மென்று வெடிக்கும். அதுவரைக்கும் அசையக் கூடாது.

வரிசையில் ஓகுமுரா-சான் நின்றார். அலுவலகத்தில் கதவைத் திறப்பதற்கே மன்னிப்புக் கேட்கிறவர், தோளெல்லாம் நெருப்பு மழையாகக் கொட்ட, கோயில் தூண்போல நின்றார். முழங்கால் ஆடவே இல்லை.

"பாத்தியா?" என்றார் நிஷிவாகி-சான். "எளவட்டத்துலருந்து புடிக்காரு. வீட்ல கொழம்புல உப்பு இல்லைன்னா சொல்லத் தைரியம் கெடையாது."

"அடுத்த வருஷமும் பார்க்கணும்," என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. "வருவியா? அப்ப ரெண்டு பேருமா வாங்க."

ரெண்டு பேர் என்றால் அவரும் நானுமாக இருக்கும். தலையாட்டினேன்.

ஜூலை 24, புதன்

வெயில் கொளுத்துகிறது. இந்த நாளில் விலாங்கு மீன் சாப்பிட்டால் உடம்புக்குத் தெம்பு என்று ஒரு வழக்கம். பிரிவில் எல்லோரும் என்னைக் கூட்டிப்போனார்கள். சாப்பாடு பாதியில் நிஷிவாகி-சான் என் பக்கம் சாய்ந்தார்.

"ஆமா, அவரு என்ன வேல பாக்காரு?"

"யாரு?"

மேசையில் இருந்த அத்தனை குச்சிகளும் நின்றன. ஓகுமுரா-சான் இருமினார். நிஷிவாகி-சான் காது வரைக்கும் சிவந்து, "தப்பா நெனச்சுக்காத, வாய் தவறிட்டு," என்று கும்பிடாத குறையாகச் சொன்னார். அதற்குப் பிறகு கடைசிவரை எல்லோரும் விலாங்குக் குழம்பின் நிறத்தைப் பற்றி மட்டுமே பேசினார்கள். ஒரு குழம்பின் நிறத்தைப் பற்றி இவ்வளவு பேச முடியும் என்று எனக்குத் தெரியாது.

ஜூலை 25, வியாழன்

"அவர்" யார்?

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. இந்த ஊரில் உள்ள தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் ஆற்றங்கரையில் கூடின. ஏற்பாடு அருணகிரி சாரின் மனைவி சுகந்தி அக்கா. "தனியா இருக்கிற பொண்ணு, உனக்கென்ன வேலை வெட்டி?" என்று எலுமிச்சைச் சாதத்தை என்னிடம் விட்டிருந்தார். விடிந்ததிலிருந்து பிழிந்து விரல் எரிகிறது.

ஆற்றில் பூப் போடக் கூடாது என்று பலகை இருந்தது. அதனால் ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் ஆற்றுத் தண்ணீரை மொண்டு, அதில் பூப் போட்டு, அதைக் கும்பிட்டு, பூவைப் பிழிந்து எரியும் குப்பைப் பையில் கட்டினோம். காவிரித் தாய் கோபிக்க மாட்டாள். அவளுக்குக் குப்பை விதிகள் தெரியாது.

பெண்கள் பாய் விரித்தோம். ஆண்கள் கையைக் கட்டிக்கொண்டு, ஜப்பானில் பெண்களுக்குச் சம உரிமையே இல்லை என்று வருத்தப்பட்டார்கள். நடுநடுவே, "இந்தப் பக்கம் கொஞ்சம் புளியோதரை," என்றார்கள்.

வடகம் எடுத்துக் கொடுக்கும்போது சுகந்தி அக்கா கேட்டார். "ஏய் செண்பகா, புது வாஷிங் மெஷினாமே? ஊருக்குப் போற நேரத்துல எதுக்குடி? சரி விடு, பிரசன்னாவுக்கு ஆச்சு."

"பிரசன்னா யாருக்கா?"

"என் தம்பிடி! உங்க ஒரகடம் பிளாண்ட்தான். உன் இடத்துக்கு அவனைத்தானே போட்டிருக்காங்க. நீ பாட்டுக்குக் கல்யாணம்னு கிளம்புற, அந்த சீட்டை எதுக்கு வீணாக்கணும்னு சார்தான் அலைஞ்சு வாங்கினார்."

"எனக்காக்கா கல்யாணம்?"

"வெக்கத்தைப் பாரு!" என்று கன்னத்தைக் கிள்ளினார். அவர் விரலிலும் எலுமிச்சை. கன்னமும் எரிந்தது.

சாரிடம் போனேன். இத்தனை நாளில் அவரிடம் நானாகக் கேட்ட முதல் கேள்வி இதுதான். "சார், எனக்குக் கல்யாணம்னு யார் சொன்னது?"

"உங்க அப்பாதாம்மா. மாப்பிள்ளை பார்த்துட்டிருக்கோம்னார். பார்க்க ஆரம்பிச்சா முடிஞ்ச மாதிரிதானே? அதான் ஓகுமுராகிட்ட முன்னாடியே சொல்லிவெச்சேன். இவங்களுக்கு எதுவும் முன்னாடியே தெரியணும்."

"நான் மூங்கில்ல எழுதிக் கட்டினதைப் படிச்சீங்களே."

"அன்னிக்கே சொன்னேனேம்மா, சாமி நல்லதைத்தான் செய்யும்னு." தட்டைப் பார்த்தார். "மோர்மிளகாய் இருக்கா?"

எடுத்துவந்து கொடுத்தேன். அதை நினைத்தால்தான் இப்போது அதிகமாக எரிகிறது.

இந்த நாட்டில் ஒரு பெண் கல்யாணத்துக்காக வேலையை விட்டால் அதற்கென்று மங்கலமான ஒரு பெயரே உண்டு. கேள்வி கேட்காமல் பரிசு கொடுத்து, கைதட்டி அனுப்பிவைப்பது முறை. நீளக் குச்சி மாப்பிள்ளைக்கு. நான் மூன்று வாரமாக அதில் சோறு தின்றுகொண்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

அப்பாவுக்கு வீடியோவில் போன் செய்தேன். லோடு ஆட்டோவை ஓரமாக நிறுத்திவிட்டுப் பேசினார். பின்னால் கடலைமிட்டாய்ப் பெட்டிகள்.

"அப்பா, அருணகிரி சார் உங்களுக்குப் போன் பண்ணினாரா?"

"ஆமா தாயி, பங்குனியில பண்ணினாக. ரொம்ப மரியாதையான மனுசன். பொண்ணுக்கு மாப்ள பாக்கலையான்னு கேட்டாக."

"நீங்க என்ன சொன்னீக?"

"பாத்துக்கிட்டு இருக்கோம்னேன்."

"பாத்துக்கிட்டா இருக்கீக?"

"எங்க பாக்க? லோடு அடிக்கவே நேரம் பத்தல. கேட்டா அப்பிடித்தான சொல்லணும்? பாக்கலைன்னா ஏன் பாக்கலைம்பாக. பால்காரர் கேட்டாலும் நான் அதத்தான் சொல்லுதேன்."

நடந்ததைச் சொன்னேன். அப்பா எஞ்சினை அணைத்தார்.

"நான் வேணும்னா அந்த சப்பான்காரருக்குப் போன் போட்டு, அப்பிடி ஒண்ணும் இல்லைன்னு சொல்லட்டுமா?"

"எந்த பாஷையிலப்பா?"

"அதும் சரிதான்." பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார். "நீ சொல்லுவியா தாயி?"

என்னைப் பள்ளிக்கூடத்தில் உறுதிமொழி வாசிக்க நிறுத்தியபோது நான் வாசிக்காமல் அழுததை அவர் வாசலில் நின்று பார்த்தவர்.

அப்பா மரியாதைக்கு ஒரு பொய் சொன்னார். ஓகுமுரா-சான் மரியாதைக்குக் கேட்காமல் விட்டார். நான் மரியாதைக்குக் குனிந்தேன். மரியாதை பார்க்காத ஒரே ஒருவர் நடுவில் நின்று மைத்துனனுக்கு இடம் பிடித்துவிட்டார்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

சொல்லிவிடலாம் என்று ஓகுமுரா-சான் மேசைக்குப் போனேன். அவர் எழுந்து குனிந்தார். நானும் குனிந்தேன். நிமிர்ந்தபோது சொல்ல வந்தது காணாமல் போயிருந்தது. ஸ்டேப்லர் கேட்டு வாங்கி வந்தேன். மத்தியானம் மறுபடி போனேன். பசைக்குப்பி கிடைத்தது. இன்னும் இரண்டு நாள் போனால் அவர் மேசை முழுக்க என்னிடம் வந்துவிடும்.

ஆகஸ்ட் 8, வியாழன்

காலைக் கூட்டத்தில் தினமும் ஒருவர் முறை வைத்துப் பேச வேண்டும். எதைப் பற்றியும் பேசலாம். போன வாரம் ஒருவர் தக்காளிச் செடி வளர்ப்பது பற்றிப் பேசினார். என் போன முறைக்கு நான், குளிர்காலத்தில் இட்லிமாவு புளிக்காததைப் பற்றிப் பேசினேன். இன்று மறுபடி என் முறை. யாரும் என்னைத் தேர்ந்தெடுக்கவில்லை, சுற்றில் வந்துவிட்டது. நானாகத்தான் எழுந்து பேச வேண்டும் என்றிருந்தால் வருடம் முழுக்கத் தக்காளியைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருப்பேன்.

சொன்னது இவ்வளவுதான்:

"எனக்குக் கல்யாணம் இல்லை. மாப்பிள்ளை இல்லை. யாரும் பார்க்கவும் இல்லை. நான் இந்தப் பிரிவில் தொடர்ந்து வேலை செய்ய விரும்புகிறேன். என்னை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். நன்றி."

எல்லோரும் கை தட்டினார்கள். பேச்சு முடிந்தால் தட்ட வேண்டும், அது விதி. தட்டிக்கொண்டிருக்கும்போதே சொன்னது புரிய ஆரம்பித்து, ஒவ்வொரு ஜோடிக் கையாக நின்றது. மழைவிட்ட பிறகு கூரையிலிருந்து சொட்டுவதுபோல ஒரே ஒரு ஜோடி மட்டும் கொஞ்ச நேரம் தட்டிக்கொண்டிருந்தது. அடுத்து என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. கூட்டத்தை நடத்தியவர் பாவம், நிகழ்ச்சிநிரலில் இருந்ததைச் செய்தார். விரலை நீட்டி, "இன்றும் விபத்தில்லாமல் வேலை செய்வோம்!" என்று கத்தினார். அத்தனை பேரும் விரலை நீட்டித் திருப்பிக் கத்தினோம். எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தியது அருணகிரி சார்.

மேசைக்கு வந்ததும் நிஷிவாகி-சான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நானும் இதே மாதிரி கைதட்டு வாங்கிட்டுப் போனவதான் தாயி. பூச்செண்டு என்ன, போட்டோ என்ன! புருசன் சரியில்ல, திரும்பி வந்தேன். அதே மேசைதான் குடுத்தாக. சம்பளம் மட்டும் பாதி. இந்த ஓகுமுராவுக்கு அளவுகோல் புடிக்கச் சொல்லிக்குடுத்தது நான். இன்னைக்கு லீவு வேணும்னா அவருகிட்டதான் எழுதிக்குடுக்கேன்."

"அம்புட்டும் தெரிஞ்சும் உனக்கு நானும் தட்டினேன் பாரு," என்றார். "குச்சி வேற."

ஆகஸ்ட் 9, வெள்ளி

ஓகுமுரா-சான் கூட்ட அறைக்குக் கூப்பிட்டார். குளிர்ந்த பார்லித் தேநீர் இரண்டு குவளை. கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு நீண்ட நேரம் மன்னிப்புக் கேட்டார். அவர் முடித்ததும் நான் கேட்டேன்.

"என்னை நீங்கள் தேர்ந்தெடுக்கவே இல்லையா?"

"தேர்ந்தெடுத்தோம். மார்ச் மாதமே. உங்களிடம் தெரிவிக்கும்படி அருணகிரி-சானிடம் சொன்னோம். சில நாட்களில் அவர் உங்கள் மகிழ்ச்சியான செய்தியோடு வந்தார்."

தேநீரைக் குடித்தேன்.

இடம் இப்போது பிரசன்னா பெயருக்குப் போய்விட்டது. தலைமை அலுவலகம் முத்திரை குத்திவிட்டது. அதை மாற்றுவதென்றால் தலைமை அலுவலகம் தவறு செய்தது என்று ஆகும். தலைமை அலுவலகம் தவறு செய்யாது. இதையெல்லாம் அவர் மிகவும் வருத்தத்தோடு விளக்கினார்.

"என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"ஒரு பெண்ணிடம் திருமணத்தைப் பற்றிக் கேட்பது..." நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"நெருப்பைக் கட்டிப் பிடித்தீர்களே?"

இதை மனதுக்குள் சொல்லிக்கொள்ளத்தான் நினைத்தேன். வாயிலும் வந்துவிட்டது. ஓகுமுரா-சான் தன் கையைத் திருப்பிப் பார்த்தார். மணிக்கட்டில் சிறு தீக்காயம் இருந்தது.

"அது சுலபம், செம்பா-சான். கடைசியில் வெடிக்கும் என்று முன்பே தெரியும்."

வெளியே பூச்சிகள் மரமே அதிரும்படி கத்திக்கொண்டிருந்தன. பிறகு அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"உங்களிடம் ஒன்று கேட்கலாமா? ஏப்ரலில் இன்னோர் இடம் வரலாம். வராமலும் போகலாம். வந்தால், உங்களுக்கு வேண்டுமா?"

ஒரு விஷயம் நடக்காது என்றால் இவர்கள் நன்றாகப் பரிசீலிப்பதாகச் சொல்வார்கள். அவர் அப்படிச் சொல்லவில்லை.

"வேண்டும்," என்றேன்.

"யாருக்குத் தொலைபேசி செய்ய வேண்டும்? அருணகிரி-சானுக்கா?"

"எனக்கு."

எண்ணைச் சொன்னேன். எழுதிக்கொண்டு, சரியா என்று திருப்பிப் படித்துக் காட்டினார். ஒரகடத்துக்கும் நான் வேலையை விடவில்லை என்று அவரே தெரிவிப்பாராம்.

ஆகஸ்ட் 14, புதன்

இறந்துபோனவர்கள் வீட்டுக்கு வந்து தங்கிப் போகிற பண்டிகை. இறந்தவர்களுக்கே சில நாள்தான் அனுமதி, பிறகு விளக்கு ஏற்றி வழியனுப்பிவிடுகிறார்கள். எனக்கு இரண்டு வருடம் கொடுத்தார்கள். குறை சொல்லக் கூடாது.

பள்ளி மைதானத்தில் வட்டமாக நின்று ஆடினோம். முன்னால் இருப்பவரைப் பார்த்து ஆட வேண்டியதுதான், பழகத் தேவையில்லை. எனக்குப் பின்னால் வந்த ஜப்பானியப் பெண்மணிக்கும் ஆடத் தெரியாதாம், என்னைப் பார்த்து ஆடினார். அவரைப் பார்த்து அடுத்தவர். கொஞ்ச நேரத்தில் என் தப்பு மைதானத்தைச் சுற்றி வந்து எனக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்தது. பார்க்க ஒன்றும் மோசமாக இல்லை.

ஆகஸ்ட் 22, வியாழன்

அருணகிரி சாருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு வாரமாக ஜப்பானியர் யாரும் அவரோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. இங்கே அது பெரிய தண்டனை என்று நிஷிவாகி-சான் சொன்னார். சார் அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை. மேசை முழுக்க இடம் கிடைத்ததே என்று டிபன் பாக்ஸைத் தாராளமாகப் பரப்பிவைத்துச் சாப்பிடுகிறார்.

பிரசன்னா வந்துவிட்டான். கெட்டவனாக இருந்தால் வசதியாக இருந்திருக்கும். நல்ல பையன். பயந்துபோய் இருக்கிறான்.

"பிரசன்னாவுக்கு எல்லாம் சொல்லிக் குடும்மா," என்றார் சார். "நம்ம பையன்."

அளக்கும் வேலையைச் சொல்லிக் கொடுத்தேன். எந்தக் கிழமை எந்தக் குப்பை என்றும் சொல்லிக் கொடுத்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டே, "அக்கா, உங்களுக்குக் கல்யாணம்னுதான் என்கிட்ட சொன்னாங்க," என்றான்.

"உனக்கு?"

"வீட்ல பாத்துட்டிருக்காங்கக்கா."

"அதை ஆபீஸ்ல சொன்னியா?"

"சொன்னேன். சந்தோஷப்பட்டாங்க. கல்யாணம் ஆனதும் குடும்ப அலவன்ஸ் சேர்த்துத் தருவாங்களாம்."

சலவை இயந்திரத்தை நிஷிவாகி-சான் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். சுகந்தி அக்கா என்னோடு பேசுவதில்லை. அந்த அளவுக்கு லாபம்.

ஆகஸ்ட் 26, திங்கள்

விமான நிலையம். கிளம்புமுன் ஆலை வாசலில் ஓகுமுரா-சானிடம் முழங்காலுக்கு என்ன என்று கேட்டேன். சுற்றி நின்றவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். "ஒன்றுமில்லை," என்றார். "எல்லோர் முன்னாலும் குதிக்க எனக்கு வெட்கம்."

ஆகஸ்ட் 30, வெள்ளி

கோவில்பட்டி. அப்பா காலையில் கூடவே வா என்றார். லோடு ஆட்டோவில் முன்பக்கம் உட்கார்ந்து போனேன். ஆஸ்பத்திரிச் சாலை டீக்கடையில் நிறுத்தினோம். அம்மா வழியில் தூரத்துச் சொந்தமான முத்துமாணிக்கம் மாமா அங்கே இருந்தார். நான் அப்பா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். மாமா என்னைத் தாண்டி அப்பாவைப் பார்த்துக் கேட்டார்.

"என்ன மச்சான், புள்ள வந்துட்டா. மாப்ள பாக்க ஆரம்பிச்சாச்சா?"

அப்பா வாயைத் திறந்தார். பழகின பதில் பல்வரைக்கும் வந்தது, எனக்கே தெரிந்தது. வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"பக்கத்துலதான நிக்கா. அவகிட்டயே கேளுங்க."

மாமா என்னைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டார். என்னிடம் கேட்பது இவ்வளவு கஷ்டம் என்று அவருக்கு இன்றுதான் தெரிந்திருக்க வேண்டும்.

"ஏம் தாயி," என்றார், "அங்க மழை உண்டா?"

"உண்டு மாமா. மாப்பிள்ளை பாக்கல. வேலைக்குக் கேட்டிருக்கேன். ஏப்ரல்ல கூப்பிட்டா போயிருவேன், அதுவரைக்கும் ஒரகடம்."

மாமா உடனே அப்பா பக்கம் திரும்பினார். "கூப்பிடலைன்னா?"

அப்பா ஆட்டோவுக்குப் போய், இறுக்கமாக இருந்த கயிற்றை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்ட ஆரம்பித்தார்.

"கூப்பிடலைன்னா வேற கம்பெனிக்கு எழுதிப் போடுவேன் மாமா."

நினைத்ததைவிடக் குரல் பெரிதாக வந்துவிட்டது. பெஞ்சில் இருந்தவர்கள் பேப்பரை இறக்கிப் பார்த்தார்கள். மாமா எனக்கென்று வைத்திருந்த டீயை எடுத்து மடமடவென்று குடித்துவிட்டார்.

உள்ளே எட்டிப் பார்த்து இன்னொரு டீ போடச் சொன்னேன். சர்க்கரை கம்மியாக என்றும் சொன்னேன்.